வலி போனதா, பேச்சு போனதா

முதுகலை இரண்டாம் ஆண்டில் பெண்ணெழுத்து என்று எங்கள் கல்லூரியில் ஒரு தாள் உண்டு. அதில் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ சிறுகதையைப் பதினொரு வருடமாக நடத்துகிறேன். 1892இல் வெளிவந்த கதை. குழந்தை பெற்ற பிறகு நலம் குன்றிய ஒருத்தியை, மருத்துவனான அவள் கணவனே மாடியறையில் ஓய்வில் வைக்கிறான். எழுதக் கூடாது என்கிறான். அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளின் கோலங்களுக்குள் யாரோ ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதை அவள் பார்க்கத் தொடங்குகிறாள். மாணவிகளுக்குப் பிடித்த கதை. தேர்வுக்கும் வசதி: மருத்துவம் ஆணாதிக்கத்தின் கருவி, ஓய்வு சிறை, பைத்தியம் எதிர்ப்பு. இந்த மூன்று வரியையும் நீட்டி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். நானே அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

போன வருடம் பாடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “அப்ப மாத்திரை சாப்பிடக் கூடாதுன்னு சொல்றாங்களா மேடம்? எங்கம்மா சுகர் வந்து கால் எரிச்சலுக்கு பிரிகாபலின் சாப்பிடறாங்க. அது இல்லேன்னா தூங்க மாட்டாங்க.” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கைப்பையில் அன்றைய மதிய மாத்திரை இருந்தது, கார்பமசெபைன் 200 மில்லிகிராம். மணியடித்ததும் ஓய்வறைக்குப் போய் அதைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொன்ன பதில் மோசமானது. “கதையை அப்படி நேரடியா எடுத்துக்கக் கூடாதும்மா” என்றேன்.

எனக்கு இருப்பது டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பில் வரும் வலி. இடது மூக்கோரத்தில் தொடங்கிக் கீழ்த்தாடை வரைக்கும் கரன்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. சில நொடிதான். அடுத்தது எப்போது என்று தெரியாது. பல் துலக்கினால் வரும், காற்றுப் பட்டால் வரும், தோசையை மென்றால் வரும், பேசினால் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருவது, ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காணப்படுவது. பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அதன் பிறகும் வலி அப்படியே இருக்க, நரம்பு மருத்துவரிடம் போய்ச் சேர்கிறவர்கள் இந்த நோயில் நிறையப் பேர். நானும் இரண்டு கடைவாய்ப் பற்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். பாராசிட்டமால், டைக்லோஃபெனாக் எதுவும் இதைத் தொடாது. வீக்கத்தாலோ காயத்தாலோ வரும் வலி அல்ல இது. நரம்பு தானாகவே திரும்பத் திரும்பச் சுடுகிறது. கார்பமசெபைன் நரம்பணுவின் சோடியம் வாயில்களை அடைத்து அந்தச் சுடுதலைக் குறைக்கிறது.

நோய் வருவதற்கு முன்பே வலியைப் பற்றி நான் வகுப்பெடுத்திருக்கிறேன். வர்ஜீனியா உல்ஃபின் ‘ஆன் பீயிங் இல்’ கட்டுரையையும் எலேன் ஸ்கேரியின் ‘தி பாடி இன் பெயின்’ நூலையும் வைத்துக்கொண்டு. 1926இல் உல்ஃப் சொன்னது, ஹாம்லெட்டின் சிந்தனைக்கும் லியர் மன்னனின் துயரத்துக்கும் இடம் கொடுத்த ஆங்கில மொழியில் ஒரு தலைவலிக்குச் சொல் இல்லை என்பது. 1985இல் ஸ்கேரி அதைக் கோட்பாடாக்கினார்: வலி மொழியை எதிர்க்கிறது, மொழியை அழிக்கிறது, மனிதரைச் சொல்லுக்கு முந்தைய முனகலுக்குத் திருப்பி அனுப்புகிறது. நம் ஆய்வேடுகளில் பெண்ணின் வலி என்று வந்துவிட்டால் அடுத்த பத்தியில் ஸ்கேரி வந்துவிடுவார். நான் வழிகாட்டியாக இருந்த இரண்டு ஏடுகளிலும் வந்தார்.

இப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. ஸ்கேரி முதன்மையாக எழுதியது சித்திரவதை அறையையும் போரையும் பற்றி. அந்த அறையில் நடப்பதைப் பாளையங்கோட்டையில் ஒரு சமையலறையில் நடப்பதோடு பொருத்தியது நாம். உல்ஃபின் குறை ஆங்கிலத்தின் குறையாக இருக்கலாம். என் ஆச்சிக்கு அந்தக் குறையே கிடையாது. முழங்காலுக்குள் இரவில் இருப்பது குடைச்சல். நாள் முழுக்க நின்ற காலில் இருப்பது கடுப்பு. மழைக்கு முன்னால் வருவது உளைச்சல். நகச்சுற்று வந்த விரல் விண்விண் என்று தெறிக்கும். எண்ணெய் தெறித்த இடம் காந்தும். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகும், அது முழுதாக மரக்காமல் பாதியில் நின்றால் மதமதப்பு. சுரீர், சுள், திகுதிகு, குறுகுறு. இழுக்குது, பிசையுது, வெட்டுது. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் மக்கில் வலி வினாப்பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டார். நோயாளிகள் வலியை விவரிக்கப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து அடுக்கியிருந்தார். ஸ்கேரியே அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஆச்சியை ஒரு மதியம் திண்ணையில் உட்காரவைத்திருந்தால் நமக்கும் அப்படி ஒரு பட்டியல் கிடைத்திருக்கும்.

சொல் இருந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை. இரண்டும் வேறு வேறு. முதலாவது மொழியின் பிரச்சினை, இரண்டாவது அதிகாரத்தின் பிரச்சினை. இரண்டாவதை முதலாவதாக மாற்றிச் சொல்லும்போது கேட்காதவரைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறோம்.

கில்மன் கதைக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அவளுடைய மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல். அவரது பெயரை அவள் கதையிலேயே சொல்லிவிட்டாள். பாடப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் அவர் ‘ஓய்வுச் சிகிச்சையின் தந்தை’ என்று மட்டும் வருவார். நரம்பு வலியின் வரலாற்றிலும் அவர் ஒரு தந்தை என்பதை எனக்கு நோய் வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் என்ற மருத்துவமனையில் நரம்பில் குண்டடி பட்ட வீரர்களை அவரும் இரண்டு சகாக்களும் கவனித்தார்கள். 1864இல் அதைப் புத்தகமாக்கினார்கள். காயம் ஆறிய பிறகும் கை எரிகிறது என்று வீரர்கள் சொன்னார்கள். மிட்செல் நம்பினார். ஈரத்துணியைக் கையிலிருந்து எடுக்க மறுப்பவர்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடப்பவர்கள், பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டும் சலசலப்பைக்கூடத் தாங்க முடியாதவர்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். மார்ஃபின் ஊசி போட்டார். பின்னால் அந்த வலிக்குக் கிரேக்கத்திலிருந்து வேர் எடுத்துக் ‘காசால்ஜியா’ என்று பெயர் வைத்தார், எரிவும் வலியும் சேர்ந்த சொல். ஆச்சி ‘காந்துது’ என்பதைத்தான் அவர் அறிவியலாக்கினார்.

ஆணின் சொல்லை அவர் நம்பினார் என்பதோடு முடியவில்லை. 1866இல் ‘தி கேஸ் ஆஃப் ஜார்ஜ் டெட்லோ’ என்று ஒரு கதையைப் பெயர் போடாமல் வெளியிட்டார். கைகால் நான்கையும் போரில் இழந்த ஒருவன் தன்னிலையில் சொல்லும் கதை. உண்மை என்று நம்பி அந்த இல்லாத ஆளுக்காக வாசகர்கள் பணம் திரட்டினார்கள். வலியில் இருக்கும் ஆணுக்கு ஒரு ‘நான்’ கொடுத்து, பேனாவையும் கொடுத்தவர் அவர். இருபத்தொரு வருடம் கழித்து, 1887இல், கில்மன் அவரிடம் போனாள். படுக்கை, பால், கொழுப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன அறிவுரை: முடிந்தவரை வீட்டுவாழ்க்கை வாழ், குழந்தையை எப்போதும் கூடவே வைத்துக்கொள், பேனாவையோ தூரிகையையோ பென்சிலையோ உயிருள்ளவரை தொடாதே.

வீரர்களின் நரம்புக் காயங்களைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. இந்த வலி எவ்வளவு கொடியது என்று வாசகருக்குப் புரியவைக்க அவர் ஓர் ஒப்புமை சொல்கிறார். இதில் அகப்பட்டால் எப்படிப்பட்ட பலசாலியும் ஹிஸ்டீரியா பிடித்த சிறுமியின் நிலைக்கு வந்துவிடுவான் என்பது அதன் சாரம். ஆணின் நிஜ வலியை அளக்கும் கோலாகப் பெண்ணின் ‘பொய்’ வலி. நம் ஊரிலும் இதற்கு இணை உண்டு. பேருந்து நிலையச் சுவரில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதியிருந்தால் அது ஆணின் நரம்பு. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட லாட்ஜில் வைத்தியர் வந்து பார்ப்பார். பெண்ணுக்கு நரம்பு என்றால் ‘அவளுக்குக் கொஞ்சம் நரம்புக் கோளாறு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதன் பொருள் நரம்பு அல்ல.

இந்தத் தாழ்ந்த குரல் மாத்திரை மேலும் படிகிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்துகள் எல்லாம் வேறு நோய்களிடமிருந்து வாங்கிய கடன். கார்பமசெபைன் 1950களில் சுவிட்சர்லாந்தில் உருவானது. 1962இல் முகநரம்பு வலிக்கு அது வேலை செய்கிறது என்று எழுதினார்கள். ஆனால் மருந்துக்கடையில் அதற்குப் பெயர் வலிப்பு மாத்திரை. கேபாபென்டினும் அந்த வழியில் வந்ததுதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து. தமிழில் வலியும் வலிப்பும் ஒரே வேரில் கிடப்பது போதாதென்று இரண்டுக்கும் ஒரே அட்டை. என் முன்னாள் மாணவி ஒருத்திக்கு 26 வயது, எனக்கு இருக்கும் அதே நோய். பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ அலமாரியில் இருந்த அட்டையைப் பார்த்துப் பெயரைச் செல்பேசியில் தட்டியிருக்கிறார்கள். ‘ஃபிட்ஸ்’ என்று வந்தது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்ற வரி 1999 வரை இருந்தது. அந்த ஆண்டு திருத்தத்தில்தான் வலிப்பு என்ற சொல்லை நீக்கினார்கள். சட்டம் மறந்ததை அலமாரியைத் திறந்து பார்க்கிறவர்கள் மறக்கவில்லை. அவளிடம் யாரும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது: இந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், கருவுற்றால் குழந்தையின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கும் அபாயம் உண்டு, குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நான் இலக்கிய ஆசிரியை.

என் மாத்திரை 100 மில்லிகிராம் இருவேளையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 200 மூன்று வேளையில் வந்து நின்றது. இரண்டாவது வாரத்திலேயே வெட்டு குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றது. காலையில் பல் துலக்கிவிட்டு வாஷ்பேசின் முன்னால் அழுதேன். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வது நியாயமாகாது.

அடுத்தது: சொற்கள் போகத் தொடங்கின. முதலில் அகப்பை. கையை நீட்டி “அந்த... அதை எடு” என்றேன். பிறகு ஒரு வகுப்பில் ‘உருவகம்’ வரவில்லை. பொருள் கண்முன்னால் நிற்கிறது, சொல் இல்லை. கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிச் சமாளிக்கலாம் என்றால் மெட்டஃபரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, அன்று என்ன கிழமை என்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்லக் கால் நிமிடம் ஆனது. தலைசுற்றலும் தூக்கக்கலக்கமும் மருந்தின் எதிர்பார்க்கப்பட்ட விளைவுகள். இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் புத்தி மந்தமாகும் என்பதால் அதையும் பரிசோதித்தார்கள். சரியாகவே இருந்தது. அப்படியானால் மருந்தின் வேகமே அது. நரம்பின் துடிப்பைத் தணிக்கிற மருந்துக்கு முகநரம்பு எது, சொல் தேடும் நரம்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஸ்கேரியை இந்த இடத்தில் நான் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது. வலி இருந்தபோது என் வாய்தான் அடைபட்டது. பேசினால் வெட்டும் என்பதால் பேசவில்லை. உள்ளே சொற்கள் அத்தனையும் கூராக இருந்தன, வெட்டு எந்தப் பல்லிலிருந்து எந்தப் பல்லுக்குப் போகிறது என்று படம் போட்டுக்கொடுத்தேன். மாத்திரை வாயைத் திறந்தது. திறந்த வாயில் வைக்கச் சொல் கிடைக்கவில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். “வலி எத்தனை இருக்கு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள?” ஒன்று என்றேன். “வீட்டு வேலை செய்ய முடியுதா? சமைக்கிறீங்களா?” முடிகிறது என்றேன். “வார்த்தை வரமாட்டேங்குது சார்” என்றேன். “வயசாகுதுல்ல” என்று சிரித்துவிட்டு அதே அளவைத் தொடரச் சொன்னார். கெட்டவர் அல்ல. என் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவர் கையிலிருந்த கேள்விகளில் என் தொழிலுக்கு ஒரு கேள்வி இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அந்த ஐந்து மாதத்தில் அவர் கேட்கவே இல்லை.

வீட்டில் நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மருந்து நல்லா கேக்குது. முன்ன மாதிரி எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு இல்ல. இப்பதான் புள்ள அமைதியா இருக்கா.” என் கணவரும் மருத்துவரிடம் “ரொம்ப இம்ப்ரூவ்மென்ட் சார், ஆளே காம் ஆயிட்டாங்க” என்றுதான் சொன்னார். பாசத்தோடுதான் சொன்னார். சண்டைக்கு வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கவிளைவை நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆண் இப்படித் திடீரென்று பேச்சுக் குறைந்துபோயிருந்தால் பக்கவாதமோ என்று ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

அன்று இரவு கில்மனை மறுபடி எடுத்துப் படித்தேன். கதையின் பெண்ணுக்கு மருந்தும் கொடுக்கிறார்கள்: பாஸ்பேட்டுகள், டானிக்குகள், மணிக்கு ஒன்றாக எழுதிவைத்த சிகிச்சை. மருந்தே விஷம் என்று கதை எங்கும் வாதிடவில்லை. தொடக்கத்திலேயே அவள் போடும் குற்றச்சாட்டு வேறு: நான் நோயாளி என்பதையே ஜான் நம்பவில்லை. பதினொரு வருடம் அந்த வரியைத் தாண்டிச் சுவர்த்தாளுக்கு ஓடியிருக்கிறேன். அவள் கேட்பது தன் நோய்க்கு அங்கீகாரம். என்ன செய்தால் தனக்கு நல்லது என்ற தன் அபிப்பிராயத்துக்கு ஓர் இடம். எழுத்தும் மாற்றமும் உற்சாகமும் வேண்டும் என்று அவள் சொல்லிப்பார்க்கிறாள். இதை மருத்துவ மறுப்பாக வாசித்தது நம் அவசரம்.

அந்த அவசரத்தின் விலையையும் நான் கொடுத்திருக்கிறேன். எங்கள் வாசிப்புக் குழுவில் என் மாத்திரையைப் பற்றிச் சொன்னபோது ஒரு தோழி, மருந்து நிறுவனங்கள் பெண்ணுடலைச் சந்தையாக்குவதைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் யோகா செய்யச் சொன்னார். 1960களில் மேற்கில் வீட்டுப்பெண்களின் அதிருப்திக்கு டயசெபாமை அள்ளிக் கொடுத்ததைப் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள், சரியாகவே விமர்சித்தார்கள். அது நோயில்லாத இடத்தில் மருந்து கொடுத்த கதை. என்னுடையது நோய் இருக்கும் இடத்தில் மருந்து வந்துசேரத் தாமதமான கதை, அதற்குள் இரண்டு பல் போனது. இரண்டுக்கும் ஒரே விமர்சனத்தை வைத்தால், ‘பிரசவ வலியையே தாங்கினவ, இதைத் தாங்க மாட்டியா’ என்று கேட்கும் மாமியாருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். தாங்குவதைப் பெண்ணின் பெருமையாக எழுதிய நம் கவிதைகளையும் இதே கண்ணோடு ஒருமுறை திரும்பப் பார்க்கலாம். தாங்குபவளைக் கொண்டாடுவதில் நாம் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

நான் மருந்தை விடவில்லை. திடீரென்று விடவும் கூடாது. வேறொரு மருத்துவரிடம் போய், பாடம் நடத்துவதும் எழுதுவதும் என் வேலை, எனக்குச் சொல் வேண்டும் என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னேன். வலி வந்தால் வரட்டுமா என்று அவர் கேட்டார். எவ்வளவு வரலாம் என்பதை நான் சொல்கிறேன் என்றேன். மெதுவாக இறக்கி இப்போது ஒரு நாளைக்கு 400இல் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று வெட்டு உண்டு, பெரும்பாலும் காலையில். உருவகம் திரும்பி வந்துவிட்டது. அகப்பை சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. எதிர்ப்பேச்சும் திரும்பிவிட்டதால் மருந்தைக் குறைத்தது தவறு என்று அத்தை நினைக்கிறார். அறுவைச் சிகிச்சை பற்றியும் பேச்சு இருக்கிறது, முடிவு செய்யவில்லை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. அதே 600இல் ஒரு சொல்லும் தவறாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவியின் அம்மாவுக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டியிருக்கலாம்.

இந்த வருடம் கதையை நடத்தும்போது மிட்செலின் போர்க்கால நூலிலிருந்தும் ஒரு பகுதியை நகலெடுத்துக் கொடுத்தேன். ஓர் உள்மதிப்பீட்டுப் பயிற்சியும் வைத்தேன்: வீட்டில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம், அவர் உடம்பில் எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரவும். முப்பத்திரண்டு தாள்கள் வந்தன. எனக்குத் தெரியாத சொற்கள் பதினான்கு இருந்தன. ஆறு தாள்களில், இதையெல்லாம் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்று அந்தப் பாட்டிகளும் அம்மாக்களும் சொன்னதையும் மாணவிகள் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.